தூரத்து வேலைக்குப் போகலாமா? லண்டன் தொழிலாளர் ரயிலும் பெல்ஜியத்து வாரச் சீட்டும்

நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், கொழும்பில ஒரு இன்டர்நெஷனல் ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. இப்ப எடுக்கிறதை விட ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனா அளுத்கமயிலிருந்து தினமும் போய்வரணும். போகட்டா?"

இந்த வருடம் இப்படிக் கேட்டவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். புதுச் சம்பளத்திலிருந்து பழைய சம்பளத்தைக் கழிப்பது, பிறகு சீசன் டிக்கட்டையும் பஸ் காசையும் கழிப்பது, மிச்சம் இருந்தால் போவது. நான் கணிதமும் பொருளியலும் படிப்பிக்கிறவன் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கணக்கை எங்களுக்கு முன்னமே இலட்சக்கணக்கான ஆட்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன விடை வந்தது என்று பார்ப்பது வரலாறு படிப்பிக்கிறவனின் வேலைதான்.

முதலில் ஒரு விஷயம். வேலைக்குப் போய்வரும் தூரம் என்பது மனிதனுக்குப் புதுப் பிரச்சினை. ஆடம் ஸ்மித் 1776 இல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில், ஒரு தொழிலுக்கு ஏன் கூடச் சம்பளம், இன்னொன்றுக்கு ஏன் குறைவு என்று ஆராய்கிற ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஐந்து காரணங்கள் சொல்கிறார்: வேலை விருப்பமானதா அருவருப்பானதா, பழகுவது இலேசா கஷ்டமா, வேலை நிரந்தரமா விட்டுவிட்டு வருவதா, எவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டியது, அதில் வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு. தூரம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! அவர் மறந்துபோகவில்லை. அவர் காலத்தில் நெசவாளி தன் வீட்டிலேயே தறி போட்டான். கடைக்காரன் கடைக்கு மேல்மாடியில் படுத்தான். மற்றவர்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள்.

அந்த ஐந்தில் மூன்றாவதை, அதாவது வேலை நிரந்தரமா என்பதை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிறகு தேவைப்படும்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 இல் எழுதிய கிறிஸ்மஸ் கதை ஞாபகமிருக்கும். அதில் வரும் எழுதுவினைஞர் பொப் கிரட்சிட்டுக்கு வாரம் 15 சிலிங் சம்பளம். கந்தோர் லண்டன் நகர மையத்தில், வீடு கெம்டன் டவுனில். இடையில் மூன்று மைல் அளவு. அவர் போவதும் வருவதும் கால்நடைதான். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அந்தக் காலத்தில் லண்டன் பாலங்களைக் காலையில் நடந்து கடந்த ஆயிரக்கணக்கான எழுதுவினைஞர்களின் வாழ்க்கை அது. நடந்துபோக ஏலாத தூரத்தில் கூடச் சம்பளம் இருந்தாலும் அது இல்லாத சம்பளத்துக்குச் சமம்.

ரயில் வந்து இதை மாற்றியது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் லண்டனில் ரயில் முதலில் செய்தது வேறு. நகரத்துக்குள் தண்டவாளம் போட இடம் வேண்டும். பணக்காரர் வீடுகளை உடைத்தால் நட்டஈடு கூட. ஆகவே கம்பனிகள் ஏழைகளின் குடியிருப்புகளாகப் பார்த்துத் தெரிவு செய்தன. 1853 முதல் 1901 வரை ரயில் பாதைகளுக்காக லண்டனில் ஏறக்குறைய 76 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள் என்று டயஸ் என்ற வரலாற்றாசிரியர் கணக்கெடுத்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலானோர் தூரத்துக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஏற்கனவே நெரிசலாக இருந்த வீடுகளில் இன்னும் நெருக்கிக்கொண்டு ஒரு அறையை எடுத்தார்கள். வாடகை ஏறியது.

பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. வீட்டை உடைக்கிற கம்பனியே அந்த மக்களைத் தூரத்திலிருந்து ஏற்றிவரட்டும் என்று ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில் கம்பனி நகரத்துக்குள் பாதையை நீட்ட அனுமதி கேட்டபோது, 1864 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனையைப் போட்டார்கள். எட்மன்டனிலிருந்தும் வோல்தம்ஸ்டோவிலிருந்தும் தினமும் தொழிலாளருக்கென ஒரு ரயில் விட வேண்டும், போய்வர இரண்டு பென்ஸ் மாத்திரம். பிறகு 1883 இல் மலிவு ரயில் சட்டம் வந்து இதை நாடு முழுவதற்கும் விரித்தது. குறைந்த கட்டணத்துக்கு அரசு வரியை விட்டுக்கொடுத்தது, பதிலுக்கு மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரையான நேரத்தில் தேவையான தொழிலாளர் ரயில்களை விடும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்தலாம் என்றானது.

இப்போது எங்கள் நான்கு பேரும் போட்ட கணக்கை லண்டன்காரனுக்காகப் போட்டுப் பார்ப்போம். அந்தக் காலத்தில் 12 பென்ஸ் ஒரு சிலிங். ஒரு நாளைக்கு இரண்டு பென்ஸ் என்றால், ஆறு நாளைக்கு சரியாக ஒரு சிலிங். வாரம் 35 சிலிங் எடுக்கும் தச்சனுக்கு இது பெரிய காசில்லை. நகர மையத்தில் வாடகை என்ன? 1884 இல் தொழிலாளர் வீட்டுவசதி பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணைக்குழு வைத்தார்கள். வேல்ஸ் இளவரசரே அதில் ஓர் உறுப்பினர். அந்த விசாரணையில் வந்த விபரப்படி, விசாரித்த வட்டாரங்களில் 88 சதவீதமான தொழிலாளர் குடும்பங்கள் வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாடகையாகக் கொடுத்தன. கிட்டத்தட்டப் பாதிப் பேர் நான்கில் ஒன்று முதல் அரைவாசி வரை கொடுத்தார்கள். அதுவும் பெரும்பாலும் ஓர் அறைக்கு, இரண்டு அறைக்கு. அதே காசுக்கு வோல்தம்ஸ்டோவில் முழு வீடும் பின்வளவும் கிடைக்கக்கூடும். கடதாசியில் பார்த்தால் யாரும் நகரத்துக்குள் இருக்கவே கூடாது.

ஆயிரக்கணக்கில் போகத்தான் செய்தார்கள். வோல்தம்ஸ்டோவின் சனத்தொகை 1871 இல் 11 ஆயிரம் அளவில் இருந்தது. 1901 இல் 95 ஆயிரம். அந்த ஆணைக்குழுவில் சாட்சி சொன்ன கிரேட் ஈஸ்டர்ன் கம்பனி முகாமையாளர் வில்லியம் பர்ட், ஸ்டம்போர்ட் ஹில், டொட்டன்ஹம் பக்கமெல்லாம் முன்பு வண்டி வைத்திருந்த நல்ல குடும்பங்கள் இருந்த இடம், தொழிலாளர் ரயில் வந்து அவர்களெல்லாம் வெளியேறிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். டிக்கட் விற்ற கம்பனிக்கே இந்த வருத்தம்.

ஆனால் போகாதவர்கள்தான் எனக்கு முக்கியம். மலிவு ரயில் இருந்தும், வாடகை கழுத்தை நெரித்தும், வைட்சப்பலிலும் ஸ்டெப்னியிலும் ஒற்றை அறையில் கிடந்த பல்லாயிரம் குடும்பங்கள். அக்காலத்துக் கனவான்கள் பலர் இதற்குச் சொன்ன காரணம், அந்த ஆட்களுக்கு அழுக்கும் நெரிசலும் பழகிவிட்டது, முன்னேற விருப்பமில்லை என்பது. எங்களூரிலும் இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "அவன் சோம்பேறி, கொழும்புக்குப் போனா நல்லா உழைக்கலாம்தானே" என்று.

துறைமுகத் தொழிலாளியின் காலையைப் பாருங்கள். லண்டன் துறைமுக வாசலில் விடியும்போது ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். மேஸ்திரி வந்து பெயர் கூப்பிடுவார். அன்றைக்கு எத்தனை கப்பல் வந்திருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் வேலை. காற்று எதிர்த்திசையில் அடித்தால் கப்பல் வராது, வேலையும் இல்லை. புறக்கோட்டையில் லொறி வரும்வரை கைவண்டியோடு காத்திருக்கும் நாட்டாமிமாரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1889 க்கு முன் மணித்தியாலத்துக்கு ஐந்து பென்ஸ் அளவு கூலி. சில நாளில் இரண்டு மணித்தியாலம்தான் வேலை. அப்படியானால் கைக்கு வருவது பத்துப் பென்ஸ். அதில் இரண்டு பென்ஸ் ரயிலுக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெயர் கூப்பிடாவிட்டால்? இரண்டு பென்ஸும் போய், வெறுங்கையோடு எட்டு மைல் திரும்பிப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறவன் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த தடவை கூப்பிடும்போது மீண்டும் வந்து நிற்பான்.

ஆகவே அவன் கூடின வாடகை கொடுத்தது அந்த அழுக்கறைக்கு இல்லை. வாசலில் நிற்கும் உரிமைக்கு. அதைச் சோம்பல் என்பது அநியாயம். அவன் கனவான்களைவிடச் சரியாகக் கணக்குப் பார்த்திருந்தான்.

இங்கேதான் ஆடம் ஸ்மித்தின் மூன்றாவது காரணம். விட்டுவிட்டு வரும் வேலைக்குக் கூடச் சம்பளம் கிடைக்கும் என்றார் அவர். உறைபனிக் காலத்தில் வேலையில்லாத கொத்தனாரை உதாரணம் காட்டினார். துறைமுகத்தில் அது தலைகீழாக நடந்தது: நிச்சயமும் இல்லை, கூலியும் குறைவு. அதனால்தான் 1889 ஓகஸ்டில் தொடங்கி ஐந்து வாரம் நடந்த துறைமுக வேலைநிறுத்தத்தில் மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் என்ற கோரிக்கையோடு இன்னொன்றும் வந்தது. ஒருவனை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணித்தியாலக் கூலி கொடுக்க வேண்டும். எல்லோரும் அந்த ஆறு பென்ஸைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கென்றால் இரண்டாவதுதான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது. நான்கு மணித்தியாலம் நிச்சயம் என்றால் இரண்டு சிலிங் நிச்சயம். அந்த நிச்சயம் வந்த பிறகுதான் ஒரு மனிதன் வாசலைவிட்டுத் தள்ளி வீடு பார்ப்பதை யோசிக்கவே முடியும்.

இன்னொன்று. அந்தக் குடும்பங்களில் சம்பாதித்தது ஆண் மாத்திரம் இல்லை. மனைவி வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பாள், தீப்பெட்டி ஒட்டுவாள், வேறு வீடுகளில் துணி துவைப்பாள். பிள்ளைகளும் ஏதாவது செய்வார்கள். துணி எடுத்துக் கொடுக்கும் இடமும் கடனுக்கு அரிசி, அதாவது அவர்களுக்குப் பாண், தருகிற கடையும் அந்தத் தெருவில்தான். எட்மன்டனுக்குப் போனால் கணவனின் வேலை ரயிலில் ஏறிவரும். மனைவியின் வேலை வராது. கடைக்காரரின் நம்பிக்கையும் வராது. வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிட அந்த இழப்பு கூடப் போகலாம்.

பெண்கள் தாங்களே ரயிலில் போனபோது என்ன நடந்தது என்பதும் சொல்ல வேண்டும். தொழிலாளர் ரயில் விடியற்காலையிலேயே நகரத்துக்கு வந்துவிட வேண்டும், பிந்திய ரயிலில் கட்டணம் கூட. ஆண்களின் வேலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் தொடங்கும். தையல் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்த பெண் பிள்ளைகளுக்கு எட்டு, எட்டரைக்குத்தான் கதவு திறக்கும். மலிவுச் சீட்டுக்காக முந்தி வந்தவர்கள் குளிரிலும் மழையிலும் தெருவில் சுற்றித் திரிந்தார்கள். 1890 களில் லண்டன் வோல் பகுதியிலுள்ள ஓல் ஹலோஸ் தேவாலயத்தின் பாதிரியார் சாமுவேல் ஜோன் ஸ்டோன் இதைப் பார்த்து, காலை ஆறரைக்கே தேவாலயக் கதவைத் திறந்துவிட்டார், அவர்கள் உள்ளே இருந்து வாசிக்கட்டும், தைக்கட்டும் என்று. இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, ஒரே ஒரு பஸ்ஸை நம்பி ஆறே முக்காலுக்குப் பாடசாலைக்கு வந்து, காவலாளி சாவியோடு வரும்வரை படியில் இருக்கும் எங்கள் டீச்சர்மார்தான். அந்த ஒன்றே கால் மணித்தியாலத்தை எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுதுவதில்லை.

லண்டன் கதை இவ்வளவும். ஆனால் லண்டனை அப்படியே எங்களுக்குப் பொருத்த ஏலாது. லண்டன்காரன் நகரத்தை விட்டு வெளியே குடிபோனவன். நாங்கள் ஊரை விடாமல் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்குப் பொருத்தமான ஆட்கள் பெல்ஜியத்தில் இருந்தார்கள்.

பெல்ஜியம் எங்கள் நாட்டின் அரைவாசியிலும் சிறியது. அங்கே ரயில் பாதைகளில் பெரும் பகுதி அரசுடையது. 1869 இல் அரசு ரயில் தொழிலாளருக்கென ஒரு வாரச் சீட்டைக் கொண்டுவந்தது. சாதாரணக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இனாம். லண்டனில் இருந்தது போல எட்டுப் பத்து மைலுக்கு இல்லை, அதைவிட எவ்வளவோ தூரத்துக்கும் செல்லும். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது வருடத்துக்கு இலட்சக்கணக்கில் இந்தச் சீட்டுகள் விற்றன. பிளான்டர்ஸ் கிராமத்தில் உருளைக்கிழங்குப் பாத்தியும் ஆடும் வைத்திருந்தவன், அதை விடாமலே வலோனியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்வந்தான். 1889 இல் தொழிலாளர் சொந்த வீடு கட்ட மலிவுக் கடன் கொடுக்கும் சட்டமும் வந்தது. சீட்டும் கடனும் சேர்ந்து ஆளை ஊரிலேயே கட்டிப்போட்டன.

ஏன் அரசு இவ்வளவு தாராளம் காட்டியது? பிறகு ஆட்சிக்கு வந்த கத்தோலிக்கக் கட்சிக்குத் தொழிலாளர் எல்லோரும் நகரத்தில் கூடினால் சோசலிசமாகிவிடுவார்கள் என்ற பயம். ஊரில், தேவாலயத்தின் பார்வையில், சொந்த வளவோடு இருக்கட்டும் என்று நினைத்தார்கள். முதலாளிக்கும் இலாபம். வீட்டு வாடகையில்லாத, கிழங்கு வாங்கத் தேவையில்லாத ஒருவன் குறைந்த கூலிக்கும் வருவான். தொழிலாளர் கட்சித் தலைவர் எமில் வன்டர்வெல்ட் இதைப் பற்றி 1903 இல் ஒரு புத்தகமே எழுதினார். 1910 இல் ஏர்னஸ்ட் மஹைம் என்ற பேராசிரியர் இந்தச் சீட்டுகளை மாத்திரம் ஆராய்ந்து எழுதினார். அதே வருடம் இங்கிலாந்திலிருந்து சீபோம் ரவுன்ட்ரி பெல்ஜியத்தைச் சுற்றிப்பார்த்து எழுதிய புத்தகமும் வெளிவந்தது. நிலமும் வீடும் காப்பாற்றப்படுவது நல்லது என்பதில் பலர் ஒத்துப்போனார்கள். ஆனால் தூரத்திலிருந்து வருகிறவன் விடியுமுன் எழுந்து, இருட்டிய பிறகு வீடு சேர்ந்து, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் கண்ணால் கண்டான்.

இதை வாசிக்கும்போது எங்கள் நாட்டுக் கதை போலவே இல்லையா? இங்கேயும் ரயில் மனிதருக்காக வரவில்லை. கோப்பிக்காக வந்தது. 1865 இல் அம்பேபுஸ்ஸ வரை, 1867 இல் கண்டி வரை. கரையோரப் பாதை காலிக்கு எட்டியது 1894 இல். தோட்டங்களில் தூரப் பிரச்சினையை வெள்ளைக்காரன் வேறு விதமாகத் தீர்த்தான்: கொழுந்து பறிக்கும் இடத்திலேயே லயன் காம்பரா. பயணச் செலவு இல்லை, நேர விரயமும் இல்லை. ஆனால் வேலையை விட்டால் வீடும் இல்லை. வேலைக்குப் பக்கத்தில் இருப்பது எப்போதும் நல்லது என்று சொல்கிறவர்கள் அந்த லயன்களை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மற்ற ஊர்களுக்கு பஸ் வந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. இலாபமில்லாத கிராமப் பாதைக்கும் பஸ் போனது. இலவசக் கல்வி 1945 இலேயே வந்திருந்தது. ஊரில் பாடசாலை, ஊரிலிருந்து பஸ், ஊரில் வளவு. பிறகு ஏன் நகரத்தில் குடியேற வேண்டும்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நகரப் பகுதிகளில் இருந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். நகரம் என்பதற்கான வரைவிலக்கணம் இறுக்கமானது என்ற சர்ச்சை இருக்கிறது, அதை விடுங்கள். சீசன் டிக்கட் எடுத்து கரையோரக் கந்தோர் ரயிலில் தொங்கிக்கொண்டு போன ஒரு தலைமுறை, தெரியாமலே பெல்ஜியக்காரனின் வாழ்க்கையை வாழ்ந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கோச்சி என்போம். "வாப்பா கோச்சியில" என்றால் ராத்திரி ஏழரை வரை வாப்பா இல்லை என்று அர்த்தம்.

எல்லோராலும் அப்படிப் போய்வர முடியவில்லை. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தபோது தூர மாவட்டங்களின் பெண் பிள்ளைகளுக்குத் தினமும் போய்வருவது நடக்காத காரியம். போர்டிங் அறைகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள், லண்டன் வைட்சப்பல் போல. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார், தொழிற்சாலையையே கிராமத்துக்குக் கொண்டுபோக. தூரத்தைக் குறைக்க ஆளை நகர்த்துவதா, வேலையை நகர்த்துவதா என்ற கேள்வியை இங்கேயும் ஒருவர் கேட்டார் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அளுத்கமக்காரருக்கு வருவோம். உதாரணத்துக்கு இலேசான தொகைகளை எடுக்கிறேன். இப்போது மாதம் 60 ஆயிரம், பாடசாலை வீட்டுக்குப் பக்கம், வாரம் 30 மணித்தியாலம். மாதத்துக்கு 120. ஒரு மணித்தியாலத்துக்கு 500 ரூபா. கொழும்பில் 90 ஆயிரம், வாரம் 35 மணித்தியாலம் வேலை. வீட்டிலிருந்து ஸ்டேஷன், ரயில், கோட்டையிலிருந்து பஸ், திரும்பவும் அதே வழி என்று ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் பயணம். வாரத்துக்கு 20. மொத்தம் 55, மாதத்துக்கு 220. 90 ஆயிரத்தை 220 ஆல் பிரித்தால் 409 ரூபா. பயணச் செலவைக் கழிக்கும் முன்னமே மணித்தியாலக் கூலி ஆறில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. சம்பளம் ஏறவில்லை, வேலை நேரம்தான் ஏறியிருக்கிறது.

இதற்காகப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கடன் இருக்கிறவனுக்கு மணித்தியாலக் கூலி முக்கியமில்லை, மாத முடிவில் கைக்கு வரும் 30 ஆயிரம்தான் முக்கியம். அந்த நான்கு மணித்தியாலத்தை ஊரில் எப்படியும் விற்க முடியாது என்றால் அதற்கு 500 ரூபா பெறுமதி போடுவதும் பிழை. ஆனால் டியூஷன் வைத்திருந்தால் அது விற்கக்கூடிய நேரம், அப்போது கணக்கு மாறும். லண்டன் தையல்காரியின் வேலை ரயிலில் ஏறி வராதது போல, உங்கள் பின்னேர டியூஷனும் ரயிலில் ஏறி வராது.

நான் அவரிடம் கேட்டது வேறு. அந்த வேலை எழுத்தில் எத்தனை வருடம்? டிசம்பர் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? பிள்ளைகள் குறைந்தால் முதலில் யாரை நிறுத்துவார்கள்? ரயில் பிந்தினால் அரைநாள் வெட்டுவார்களா? அரச வேலையை விட்டால் ஓய்வூதியம் போகும், அதை மாதச் சம்பளமாக மாற்றிப் பார்த்தீர்களா? துறைமுக வாசலில் நின்றவனின் கேள்விகள்தான் இவை. தூரத்து வேலை நிரந்தரமானவனுக்குத்தான் தாங்கும். நிச்சயமில்லாத வேலைக்குத் தூரமும் சேர்ந்தால் இரண்டு பாரமும் உங்கள் தலையில்.

போக்குவரத்தின் நிச்சயமும் இருக்கிறது. 2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, ஒரே வருடத்தில் பல தடவை ஏறிய பஸ் கட்டணம், மூடிக்கிடந்த பாடசாலைகள், பிறகு வாரத்துக்கு மூன்று நாள் பாடம். 2021 இல் மோட்டார் சைக்கிளை நம்பிப் போட்ட தூரக் கணக்கு முழுவதும் ஆறு மாதத்தில் பொய்த்துப்போனது. நடந்துபோகும் தூரத்தில் வேலை வைத்திருந்தவர்கள் மாத்திரம் பழைய மாதிரியே போனார்கள்.

புரூனோ பிரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மன் குடும்பங்களின் பல வருடத் தரவுகளை ஆராய்ந்து 2008 இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தூரம் போகிறவர்களுக்கு அதற்கு ஈடாகச் சம்பளத்திலோ வீட்டிலோ ஏதோ கிடைத்திருக்க வேண்டும், அதனால் அவர்களின் மனநிறைவு மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் குறைவாகத்தான் இருந்தது. எனக்குப் படும் காரணம், கூடின சம்பளம் மூன்றாம் மாதமே சாதாரணமாகிவிடுகிறது, வீட்டில் அதற்கேற்பச் செலவும் வந்துவிடுகிறது. காலை நாலரை மணி அலாரம் மூன்றாம் வருடத்திலும் சாதாரணமாவதில்லை.

பெண்கள் இதைக் கேட்கும்போது கணக்கில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆண் நாலரைக்கு எழுந்தால் பயணத்துக்கு எழுகிறார். டீச்சர் மூன்றரைக்கு எழுந்தால் சமைத்துவிட்டுப் பயணத்துக்குப் போகிறார். ஆகவே கணவன்மாரே, உங்கள் மனைவிக்குத் தூரத்தில் நல்ல வேலை வந்தால் முதலில் கேட்க வேண்டியது ரயில் எத்தனை மணிக்கு என்பதில்லை. காலைச் சோறு யார் ஆக்குவது என்பதை.

அந்தத் தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒப்பந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

உங்களில் யாருடைய வாப்பாவாவது மூத்தவாப்பாவாவது 60 களிலோ 70 களிலோ களுத்துறை, பேருவளை, அளுத்கம பக்கமிருந்து கொழும்புக்குக் கோச்சியில் வேலைக்குப் போயிருந்தால், பழைய சீசன் டிக்கட் ஏதும் பெட்டிக்குள் கிடந்தால், படம் எடுத்துக் கீழே போடுங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டார், எத்தனை மணிக்கு வந்தார், மாதச் சம்பளம் எவ்வளவு என்று உம்மாமாரிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குச் சரியாக ஞாபகமிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அடுத்த தவணையில் அதை வைத்து ஒரு பாடம் செய்ய நினைத்திருக்கிறேன்.